படகுத்துறை இல்லாத கரைக்குப் போகும் மகனுக்கு

மக்கா,

நீ வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் படகில் ஏறுகிறாய் என்று மருமகள் அனுப்பிய பயணத் தாளில் போட்டிருக்கிறது. இன்று செவ்வாய். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டாய். பக்கத்தில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இங்கே மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எதையோ சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை நீ மீட்டிங்கில் இருந்தாய். முப்பத்தோரு வருஷம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று மைக்கில் ஊருக்கே கத்தியவன் நான். பெற்ற மகனிடம் பேச வாய் எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவேன். தனியாக உட்கார்ந்து படி.

மருமகள் அனுப்பிய தாளை பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பன்னிரண்டு பக்கம். கடைக்காரன், "அண்ணாச்சி, டூர் போறியளோ? எந்த ஊரு?" என்றான். மகனும் மருமகளும் கரீபியன் கடலில் வர்ஜின் தீவுக்குப் போகிறார்கள் என்றேன். "அது ராமேஸ்வரத்துக்கு அங்கிட்டா?" என்றான். கொஞ்சம் தள்ளி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதல் நாள் நார்மன் தீவு. அங்கே கடலுக்குள்ளே இறங்கி நிற்கும் பாறையில் குகைகள் இருக்கின்றனவாம். முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்து மீன் பார்க்க வேண்டுமாம். அடுத்த நாள் வழியில் சால்ட் தீவு, பழைய உப்புக் குளம். அப்புறம் வர்ஜின் கோர்டா. வீடு பெரிதுக்கு உருண்டைப் பாறைகள், அதன் இடுக்கு வழியாகத் தவழ்ந்து போனால் உள்ளே கடல் தண்ணீர் தேங்கிய குளங்கள். மூன்றாம் நாள் அனிகடா. தட்டையான பவளத் தீவு, செந்நிற நாரைகள், கரையிலேயே தீ மூட்டிச் சுட்டுத் தரும் சிங்கி இறால். கடைசி நாள் திங்கட்கிழமை. அன்றைக்குப் போகும் கடற்கரையில் படகுத்துறையே கிடையாதாம். படகைத் தள்ளி நிறுத்திவிடுவார்களாம். அங்கிருந்து குதித்து நீந்தித்தான் கரையேற வேண்டும், அதுதான் அந்த இடத்தின் வேடிக்கையே என்று போட்டிருக்கிறான். வேடிக்கையாம்! அன்றைக்கு எனக்கு அந்த வரிக்கு மேல் படிக்க ஓடவில்லை.

நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நீ நின்றதே கிடையாது. இது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். உனக்கு, எனக்கு, உன் அம்மாவுக்கு. தெரிந்திருக்க வேண்டிய நாலாவது ஆளுக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தீர்களே, அதைச் சொல்கிறேன். மருமகள் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று, "மாமா, உங்க பையன் பெரிய நீச்சல்காரராமே! நாலு ஆள் ஆழக் கிணத்துல முங்கி, உள்ள விழுந்த செம்ப எடுத்துட்டு வந்தாராமே! மோட்டார் ரூம் மேல ஏறி அந்தர் பல்டி அடிப்பாராமே! நீங்கதான் கத்துக் கொடுத்தீங்கன்னு சொன்னார்" என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். காட்டிக் கொடுத்துவிடாதீர்கள் அப்பா என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் என்ன செய்தேன்? "ஆமாம்மா. நாந்தான் கத்துக்குடுத்தேன்" என்றேன். அவள் சந்தோஷமாக, "அப்ப சரி மாமா, படகுக்காரங்க ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்காங்க. நீச்சல் தெரியுமான்னு கேட்டிருக்கு. ரெண்டு பேருக்குமே நல்லாத் தெரியும்னு போட்டுடறேன்" என்றாள். என் கண் முன்னாலேயே அந்தப் பெண் போனில் தட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கிணற்றில் முங்கிச் செம்பை எடுத்தது நான். இளையரசனேந்தல் ரோட்டில் என் சிநேகிதன் தோட்டத்துக் கிணறு அது. மோட்டார் ரூம் மேலிருந்து பல்டி அடித்ததும் நான்தான். நம் தெருவில் உன் வயதுப் பையன்கள் அத்தனை பேருக்கும் மிதக்கிறதுக்கு முதுகில் காலி டின்னைக் கட்டி நீச்சல் பழக்கினேன். உன்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈரத் தலையோடு வந்து சோற்றுக்கு உட்காரும்போது, எவன் எப்படிக் குதித்தான், எவன் தண்ணீர் குடித்தான் என்று உனக்குக் கதை சொல்வேன். செம்புக் கதையை நீ திரும்பத் திரும்பக் கேட்பாய். "அப்பா, அடியில போனதும் காது எப்படி இருக்கும்? இருட்டா இருக்குமா?" என்பாய். பிள்ளைக்கு நம் கதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு. என்ன மனுஷன் நான்! சாப்பிட விடாத பிள்ளை முன்னால் உட்கார்ந்து பிரியாணி ருசியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து நீயும் அவளும் மணிக்கணக்காகப் போனில் பேசினீர்களே, அப்போது சொல்வதற்கு உனக்கு வேறு கதை கிடைக்கவில்லை போல. என் கதையை எடுத்து உன் கதையாகச் சொல்லியிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, மக்கா. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னை ஏன் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை என்பது உனக்கே தெரியும். ஜாதகத்தில் தண்ணியில் கண்டம். நீ பிறந்த பதினாறாம் நாள் நானும் உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் ஜோசியர் வீட்டுக்குப் போனோம். அவர் கட்டம் போட்டுப் பார்த்து, "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம் இருக்கு. பதினெட்டு வயசு முடியிற வரைக்கும் ஆறு, கொளம், கெணறுன்னு எந்தப் பக்கமும் விட்டுராதேயும்" என்றார். அன்றைக்குப் பிடித்தது உன் அம்மாவைப் பயம். மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடினால்கூட உன்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். ஸ்கூலில் மூன்று தடவை சுற்றுலா போனார்கள். மூன்று தடவையும் உனக்குக் காய்ச்சல் என்று நான் லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் குற்றாலம் போனோமே, அது உனக்கு மறந்திருக்காது. நல்ல சாரல் சீசன். ஐந்தருவியில் கூட்டம் நெரிகிறது. தெருப் பையன்கள் எல்லாம் உள்ளே புகுந்து கூத்தடிக்கிறார்கள். உன் அம்மா வீட்டிலிருந்தே கொண்டு வந்த பச்சைப் பிளாஸ்டிக் வாளியில் என்னைத் தண்ணீர் பிடித்து வரச் சொல்லி, உன்னைத் தள்ளி ஒரு ஓரத்தில் நிறுத்தி, மொண்டு மொண்டு ஊற்றினாள். "ஏலே, இவனப் பாருங்கலே, அருவிக்கு வந்து வாளியில குளிக்கான்" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாரும் திரும்பிச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். பஸ்ஸில் வரும்போது ஊர் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

பதினெட்டு முடிந்த அன்று நான் ஒரு பெரிய வரம் கொடுப்பவன் மாதிரி வந்து, "இனி நீ தண்ணியில எறங்கலாம்லே, வா, கெணத்துக்குப் போவோம்" என்றேன். "எதுக்குப்பா? சின்னப் பயலுவ கூட டின்னக் கட்டிக்கிட்டு மெதக்கதுக்கா?" என்று கேட்டாய். அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாயோ என்று இப்போது தோன்றுகிறது.

இனிமேல் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. நேற்று வரைக்கும் உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இல்லை. உன் அம்மாவை முதல் நாளே சேர்த்தாயிற்று. காலையில் எட்டு மணிக்கு மேல்தான் ஆகும் என்று நர்ஸ் சொன்னதை நம்பி, விடியற்காலையில் டீ குடிக்கிறேன் என்று ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே கண்டக்டர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வளர்ந்தது. ஆறு பத்துக்குப் புளியங்குடி வண்டி கிளம்புகிறது, அதற்குக் கை காட்டி அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். போனால் நீ பிறந்து, துணியில் சுற்றிக் கிடத்தியிருக்கிறார்கள். டியூட்டி மாறி, பிரசவம் பார்த்த நர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் உன் தாத்தா நிற்கிறார். "மாப்ளே, டைம் குறிச்சிட்டீரா?" என்று கேட்டார். ஊருக்கே டைம் சொல்கிறவன், சொந்தப் பிள்ளை பிறந்த டைமைக் குறிக்கவில்லை என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? "குறிச்சிட்டேன் மாமா. ஆறு பத்து" என்றேன். அது புளியங்குடி வண்டியின் டைம். ஜோசியர் கட்டம் போடும் முன்னால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "நேரம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் எல்லாம் மாறிப் போயிரும். சரியான நேரந்தானே?" என்றார். "நான் டைம் கீப்பர் அண்ணாச்சி. எனக்கா நேரம் தப்பும்?" என்று சொன்னேன். அந்த ஜாதகம் ஒரு பஸ்ஸுக்கு எழுதியது, மக்கா. உனக்கு எழுதியது இல்லை.

அவர் கண்டம் என்று சொன்னபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமனார் பக்கத்தில் இருந்தார், வாயைத் திறக்க முடியவில்லை. அப்புறம் சொல்வோம் என்று விட்டேன். அப்புறம், ஒருவேளை ஆறு பத்துக்கே பிறந்திருந்தால் என்று எனக்கே ஒரு பயம் வந்தது. நான் சொன்ன பொய்க்கு நானே பயந்து உன்னைப் பூட்டி வைத்தேன். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

நேற்றுக் காலையில் உன் அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப ஆறு பத்து இல்லியா?"

"தெரியாது. நான் வரும்போதே பொறந்திருந்தான்."

"கோயில்ல விடியக்காலப் பூசைக்கு மணி அடிக்கும்போதுல்லா பொறந்தான். மணி நிக்கதுக்குள்ள அழுகச் சத்தம் கேட்டுச்சே. எனக்கு நல்லாத் தெரியுமே!"

"அது ஆறு பத்துக்கு ரொம்ப முந்தியில்லா! இத ஏன் நீ இத்தன வருஷமா சொல்லல?"

"என்னட்ட யாரு கேட்டா? பெத்தவ நான். நீங்களும் எங்கப்பாவும் ஜோசியருமா மூணு ஆம்பள கூடி உக்காந்து எழுதுனீங்க. நாழிகை, வினாழின்னு எழுதிக் குடுத்தா எனக்கு என்ன தெரியும்? நீங்க குறிச்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் அழுதாள். "ஐந்தருவியில அந்தப் பிள்ளைய நிப்பாட்டி வச்சு வாளியில ஊத்துனேனே. அவன் மூஞ்சியப் பாக்காம ஊத்துனேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அவளைத் தொட்டுத் தேற்றக்கூடக் கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கெளம்புங்க. அந்த ஜோசியரு இல்லாட்டா என்ன, அவரு மகன் கம்ப்யூட்டர்ல பாக்கானாம். சரியான நேரத்தச் சொல்லித் திருப்பி எழுதி வாங்கிட்டு வருவோம்" என்றாள். "அதுலயும் தண்ணியில கண்டம்னு வந்தா என்ன செய்வ?" என்று கேட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் போகவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். கண்டம் பொய் என்று சொன்னால் நீ தைரியமாகக் குதித்துவிடுவாய். சொல்லாவிட்டால் பயந்துகொண்டே குதிப்பாய். எப்படிப் பார்த்தாலும் நீ குதிக்கிறாய். மருமகளுக்கு மெசேஜ் அடித்து மூன்று தடவை அழித்துவிட்டேன். "நீங்க சொல்லிட்டா பொண்டாட்டி முன்னால அவன் பொய்யனா நிப்பான். கல்யாணம் ஆயி நாப்பது நாளு ஆகல" என்கிறாள் உன் அம்மா. சொல்லாட்டா என்று கேட்டால், "அத நெனைக்கவே முடியலயே" என்கிறாள். மருமகளிடம் நான் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் உன் மானம் மட்டும் இல்லை. நானும் அவளிடம் ஆமாம் என்று சொன்னவன்தானே. மறுபடியும் வாசலில் மாமனார் முன்னால் நிற்கிற மாதிரியே நிற்கிறேன். இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

அந்தப் பன்னிரண்டு பக்கத்திலும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் இறங்க வேண்டியதற்கெல்லாம் வட்டம். இறங்காமல் பார்க்கக் கூடியதற்கெல்லாம் டிக். டிக்கும் நிறையவே இருக்கிறது, போய்ப் பார். கூழைக்கடா மேலேயிருந்து அம்பு மாதிரி கடலில் விழுந்து மீனைக் கொத்திக்கொண்டு எழும்புமாம், அதைப் படகில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆமை மூச்சு வாங்கத் தலையைத் தூக்குவதும் மேலிருந்தே தெரியுமாம். சால்ட் தீவில் இறங்கி அந்த உப்பை ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துப் பார், நம் தூத்துக்குடி உப்புக்குப் பக்கத்தில் வருமா என்று எனக்குச் சொல். வர்ஜின் கோர்டாவில் பாறைக்கு மேலே நின்று பார்க்கவும் ஒரு பாதை இருக்கிறதாம். அனிகடாவில் சிங்கி இறாலை வயிறு முட்டச் சாப்பிடு. நார்மன் தீவுக் குகைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவள் இறங்கட்டும். நீ மேலே இருந்து, என்ன தெரிகிறது என்று கேள். அவள் கதை சொல்லட்டும், நீ கேள். அது உனக்குப் பழக்கம்தான் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஊருக்குத் திரும்பியதும் அவளிடமே நீச்சல் கற்றுக்கொள். உங்கள் வீட்டுக் கீழேயே நீச்சல் குளம் இருக்கிறது என்றாள். பொண்டாட்டியிடம் கற்றுக்கொள்வதில் ஒரு கேவலமும் இல்லை.

அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்கள் முன்கூட்டியே படகோட்டியிடம் சொல்லிவிட்டால், மிதவைச் சட்டை கொடுத்துச் சின்ன ரப்பர் படகில் கரைக்குக் கொண்டு விடுவார்களாம். அவ்வளவுதான் வேலை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை நம் இரண்டு பேருக்கும் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கண்டம் பொய், மக்கா. நீச்சல் தெரியாது என்பது நிஜம். இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

இதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் நீ அவளிடம் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் நீ என் பிள்ளை. அப்புறம் சொல்வோம், அப்புறம் சொல்வோம் என்று திங்கட்கிழமை வரை கொண்டு போய்விடுவாய். படகு நிற்கும். அவள் முதலில் குதித்துவிடுவாள். தண்ணீரிலிருந்து கையை ஆட்டி, வாங்க வாங்க என்று கூப்பிடுவாள். கூட வந்தவர்கள் எல்லாரும் உன் பின்னால் நிற்பார்கள். அந்த நேரத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேறு ஒன்றும் எங்களால் செய்ய முடியாது. அப்போது அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்: எனக்கு நீச்சல் தெரியாது, கிணற்றில் முங்கியது நான் இல்லை எங்கள் அப்பா, அவர் ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார், எனக்குக் கற்றுத் தரவில்லை. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குதிக்காதே.

அப்பா